கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றால், எதையெல்லாம்?

"கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா. புள்ளைங்க பெத்தாச்சு, இனி அது எதுக்கு?" நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கும் பெண்கள் பலர் இந்தப் பேச்சை எங்காவது கேட்டிருப்பார்கள். ஆனால் அவர்கள் கொண்டுபோன தொந்தரவுகள் ஒன்றல்ல. ஒருவருக்கு மாதத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு. ஒருவருக்கு ஓயாத வெள்ளைப்படுதல். ஒருவருக்கு ஸ்கேனில் நீர்க்கட்டி. இன்னொருவருக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கி வரும் அடி இறக்கம். இந்த நான்கும் அடிவயிற்றுக்குள் நான்கு தனித்தனி இடங்களில் நடக்கின்றன. காரணம் வேறு, வைத்தியம் வேறு. ஆனால் வீட்டுக்கு வரும்போது எல்லாமே "கர்ப்பப்பையில் பிரச்சினை" என்ற ஒரே பேச்சாகிவிடுகிறது. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடுவதும் அந்த ஒரே பேச்சை நம்பித்தான்.

2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வில் முதன்முறையாகக் கர்ப்பப்பை நீக்கம் பற்றிக் கேட்டார்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆந்திரத்தில் அது 9 சதவீதத்தை நெருங்கியது. எடுத்தவர்களின் இடைநிலை வயது சுமார் 34. மூன்றில் இரண்டு பங்கு அறுவை சிகிச்சைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு. 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் கூலிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை இழந்திருப்பது வெளியே வந்து, மாநில அரசே விசாரணைக் குழு அமைக்க வேண்டிவந்தது. 34 வயதில் இந்த முடிவை எடுக்கிற பெண்ணுக்கு, உள்ளே என்னென்ன இருக்கின்றன, எதை எடுக்கப்போகிறார்கள், எது மிஞ்சும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கொடுக்கும் சம்மதத்தை என்னால் சம்மதமாகவே கருத முடியவில்லை.

இதையெல்லாம் தமிழில் எளிதாகச் சொல்ல முடியாது என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். பிரசவ வைத்திய நூல் ஒன்றைத் தமிழில் அச்சிட்டும் கொடுத்தார்.

முதலில் இருப்பிடம். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் கர்ப்பப்பை. குழந்தை பெறாத பெண்ணுக்கு அது சுமார் 7.5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 50 முதல் 60 கிராம் எடை. அவ்வளவு சிறியது. நிறைமாதத்தில் குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் சேர்க்காமல் அதன் எடை மட்டுமே சுமார் ஒரு கிலோ ஆகிவிடும். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்பும், ஆனால் முழுவதும் அல்ல. இரண்டு மூன்று பிள்ளை பெற்றவரின் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். ஸ்கேன் தாளில் "பல்கி யூட்ரஸ்" என்று வந்துவிட்டால் பதறுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வலியோ அதிக ரத்தப்போக்கோ இல்லாதபோது அந்த வரி மட்டும் ஒரு நோயைச் சொல்லிவிடாது.

பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பப்பை முன்பக்கமாகச் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் கிடக்கும். ஐந்தில் ஒருவருக்குப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதுவும் இயல்புதான். "கர்ப்பப்பை திரும்பியிருக்கு, அதனாலதான் புள்ள தங்கல" என்று மாமியார் வீட்டில் பேச்சு வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர். சாய்வு மட்டும் கருத்தரிப்பதைத் தடுப்பதில்லை.

கர்ப்பப்பையின் சுவரைப் புரிந்துகொண்டால் ரத்தப்போக்குப் பிரச்சினையில் பாதி புரிந்துவிடும். வெளியே மெல்லிய உறை, நடுவே தடித்த தசை, உள்ளே எண்டோமெட்ரியம் என்கிற உட்சவ்வு. உட்சவ்விலும் இரண்டு அடுக்கு உண்டு. மேலடுக்கு மாதாமாதம் வளர்ந்து உதிரும். அடியடுக்கு உதிராமல் நின்று, சில நாட்களில் புதிய மேலடுக்கை வளர்த்துவிடும். உடம்பில் வேறெங்கே இவ்வளவு பெரிய பரப்பு உரிந்து ரத்தம் கசிந்தாலும் தழும்பு விழும். இங்கே மாதாமாதம், முப்பது ஆண்டுக்கும் மேலாக, தழும்பில்லாமல் ஆறுகிறது. மனித உடலில் நான் மிகவும் வியக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

இந்த வளர்ச்சிக்கும் உதிர்வுக்கும் உத்தரவு கொடுப்பது முட்டைகளை வைத்திருக்கும் சினைப்பை. மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதியில் முட்டையோடு வளரும் குமிழ் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து உட்சவ்வைத் தடிக்க வைக்கும். முட்டை வெளிவந்த பின் அதே குமிழ் மஞ்சள் நிறத் திசுவாக மாறி புரோஜெஸ்டிரோனைச் சுரந்து அந்தச் சவ்வை நிலைப்படுத்தும். கரு தங்கவில்லையென்றால் சுமார் 14 நாளில் அந்தச் சுரப்பு நின்றுவிடும். சவ்வுக்கு வரும் சுருள் ரத்தக்குழாய்கள் இறுகும். மேலடுக்கு ஒரே சீராக உதிரும். ஒரு மாதத்தில் போகும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மி.லி.தான். 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம். அளந்து பார்க்க யாராலும் முடியாது என்பதால் வேறு அடையாளங்களைச் சொல்வார்கள்: மணிக்கொரு முறை பேடு மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாகப் போவது, ஏழு நாளைத் தாண்டுவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் அளவுக்கு ரத்தசோகை வருவது.

வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளிலும், மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளிலும், பல மாதங்கள் முட்டை வெளிவராமலே போகும். முட்டை வராவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். பிறகு அது திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல், நாள்கணக்கில் உதிரும். அதாவது 44 வயதுப் பெண்ணின் பத்து நாள் ரத்தப்போக்குக்குப் பல நேரம் கர்ப்பப்பையின் கோளாறு காரணமே அல்ல. சினைப்பையிலிருந்து வரும் சுரப்பின் சமநிலை மாறியிருக்கிறது. தைராய்டு கோளாறும் இப்படிச் செய்யும். பதின்வயதுச் சிறுமிக்கு முதல் மாதவிலக்கிலிருந்தே கட்டுக்கடங்காமல் போனால் ரத்த உறைவுக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மாத்திரைகள் இருக்கின்றன. கர்ப்பப்பைக்குள் பொருத்தி, புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சிறிது சிறிதாகச் சுரக்க வைக்கும் சாதனமும் இருக்கிறது. அது உட்சவ்வை மெலிய வைத்து, பல பெண்களுக்கு ஐந்தாண்டோ அதற்கு மேலோ ரத்தப்போக்கைக் கட்டுக்குள் வைக்கிறது. ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. 45 வயதுக்கு மேல் ஒழுங்கற்ற ரத்தப்போக்கு வந்தால் உட்சவ்விலிருந்து ஒரு துளித் திசு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஸ்கேன் தாளில் "எண்டோமெட்ரியம் 12 மி.மீ." என்று இருக்கிறதா? 30 வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு எடுத்த ஸ்கேன் என்றால் அது இயல்பு. மாதவிலக்கு நின்றுபோன 60 வயதுப் பெண்ணுக்கு ரத்தம் பட்டு எடுத்த ஸ்கேன் என்றால், 4 மி.மீ.க்கு மேல் போனாலே திசுப் பரிசோதனை தேவை. ஒரே எண்ணை வயதும் தேதியும் தெரியாமல் படித்துப் பயன் இல்லை.

அடுத்து தசை. ஃபைப்ராய்டு கட்டிகள் இந்தத் தசையிலிருந்துதான் கிளம்புகின்றன. மிகப் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. எல்லோரும் கேட்பது "எத்தனை சென்டிமீட்டர்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமானது, எந்தப் பக்கம் வளர்கிறது என்பது. உட்சவ்வை ஒட்டி உள்ளறைக்குள் துருத்தும் 2 செ.மீ. கட்டி ரத்தமாகக் கொட்ட வைக்கும். அதைப் பல நேரம் வயிற்றைத் திறக்காமலே, கர்ப்பப்பை வாய் வழியாகக் கருவி செலுத்தி அகற்றிவிடலாம். வெளிச்சுவரில் வளரும் 6 செ.மீ. கட்டி ஒரு தொந்தரவும் தராமல் இருக்கலாம். மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் இவை சுருங்கிவிடும். ஆகவே 48 வயதில், தொந்தரவில்லாத கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், காத்திருக்க முடியாதா என்று கேட்பதில் தவறே இல்லை.

இந்தத் தசைக்கு உயிர் காக்கும் வேலை ஒன்று இருக்கிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாயும். குழந்தையும் நஞ்சும் வெளிவந்த கணத்தில் நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். அப்போது குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசையிழைகள் இறுகி, இடையில் போகும் குழாய்களை நெரித்து மூடுகின்றன. தாய் உயிரோடு இருப்பது இந்த இறுக்கத்தால்தான். தசை தளர்ந்துவிட்டால் அரைமணி நேரத்துக்குள் நிலைமை கைமீறும். பிரசவமானவுடன் ஆக்ஸிடோசின் ஊசி போடுவது கர்ப்பப்பையை இறுக வைக்கத்தான்; செவிலியர் அடிக்கடி வந்து அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பது அது கெட்டியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். வலிக்கிறது என்று அதைத் தட்டிவிடக் கூடாது.

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி யோனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடம், கர்ப்பப்பை வாய். மூன்று செ.மீ. அளவுள்ள இந்தச் சிறு பகுதியைப் பற்றித்தான் நம் ஊரில் அதிகப் பயமும் அதிகத் தவறான தகவலும் உலவுகின்றன.

வாயின் உட்புறக் கால்வாயில் ஒரே ஒரு அடுக்குச் செல்கள். அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் தெரிவதால் சிவப்பாக இருக்கும், சளியைச் சுரக்கும். வெளிப்புறத்தில் பல அடுக்குச் செல்கள், வெளிர் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. வயதுக்கு வரும்போதும், கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் உட்புறச் செல்கள் வெளியே புரண்டு தெரியும். கருவி வைத்துப் பார்த்தால் வாயைச் சுற்றிச் சிவந்த வட்டம். இதைத்தான் பல இடங்களில் "கர்ப்பப்பை வாய்ல புண்ணு இருக்கு" என்கிறார்கள். அங்கே தோல் அரிக்கப்படவில்லை. ஒரு வகைச் செல் இருக்குமிடத்தில் இன்னொரு வகைச் செல் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தச் செல்கள் சளி சுரப்பதால் வெள்ளைப்படுதல் கூடுதலாக இருக்கும். பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை. "வெள்ளைப்படுது, புண் இருக்கு, விட்டால் புற்றுநோய் ஆகிடும்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கோத்துச் சொல்லி, முப்பது வயதுப் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

உண்மையான புற்றுநோயும் அதே கோட்டில்தான் தொடங்குகிறது என்பதால் குழப்பம் எளிதாகிறது. வெளியே புரண்ட உட்புறச் செல்கள் மெல்ல மெல்லப் பல அடுக்குச் செல்களாக மாறுகின்றன. மாறிக்கொண்டிருக்கும் அந்த வளையத்தில் ஹெச்.பி.வி. வைரஸ் குடியேறினால் பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்ட சிலருக்குச் செல்கள் படிப்படியாக மாறி, 15 முதல் 20 ஆண்டில் புற்றுநோயாகலாம். இவ்வளவு நீண்ட இடைவெளி நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ அகற்றிவிடலாம். கர்ப்பப்பையைத் தொட வேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்று உலகத்துக்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். மாற்றமடைந்த செல்கள் இருக்கும் இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துவிடும். வெளுத்தவர்களுக்கு உடனே அடுத்த பரிசோதனை, தேவையானால் அங்கேயே உறைய வைக்கும் சிகிச்சை. 30 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 31,000 பெண்கள் பரிசோதித்துக்கொண்டார்கள். ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2007இல் முடிவை வெளியிட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒரு முறை பார்த்ததில் இவ்வளவு பலன். இன்று அரசு மருத்துவமனைகளில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். வைரஸைத் தடுக்கும் தடுப்பூசியை 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடும் திட்டத்தையும் 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. உடலுறவுக்குப் பின் ரத்தம் படுவது, துர்நாற்றத்தோடு நீர் போவது ஆகிய இரண்டில் எது இருந்தாலும், பரிசோதனை முகாமுக்குக் காத்திராமல் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

வாய்க்குக் கீழே யோனி, சுமார் 7 முதல் 9 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அங்கே வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, மற்ற கிருமிகள் வளராமல் காக்கிறது. வாசனையில்லாத, தெளிந்த அல்லது வெண்மையான கசிவு இந்த ஏற்பாட்டின் அங்கம். முட்டை வெளிவரும் நாட்களில் அது வழவழப்பாக, இழுத்தால் நீளும்படி இருக்கும். "எலும்பு உருகி வெள்ளையாப் போகுது" என்று நம்பி மெலிந்துபோகும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு உள்ளே கழுவுவது அந்த நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும். அரிப்பு, நிறமாற்றம், நாற்றம் இருந்தால் அது பெரும்பாலும் தொற்று. மருந்தில் தீரும்.

யோனியின் வாசலில் உள்ள கன்னிச்சவ்வு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உடலுறவுக்குப் பின்னும் மாறாமலிருக்கலாம், உடலுறவே இல்லாமலும் விலகியிருக்கலாம். அதைப் பார்த்து ஒரு பெண்ணின் கடந்த காலத்தைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. வன்புணர்வு வழக்குகளில் நடத்தப்பட்ட இருவிரல் சோதனையை 2013இலும் மறுபடி 2022இலும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதை நிறுத்தும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.

அபூர்வமாக இந்தச் சவ்வு துளையில்லாமல் முழுவதும் மூடியிருக்கும். பெண் வளர்ந்திருப்பாள், மாதந்தோறும் அடிவயிறு வலிக்கும், ரத்தம் மட்டும் வராது. சிறு அறுவையில் சரியாகும். இன்னொன்றும் உண்டு. கருவிலிருக்கும்போது இரண்டு குழாய்கள் நடுவில் இணைந்துதான் கர்ப்பப்பை உருவாகிறது. சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு அந்த வளர்ச்சி நடக்காமல், கர்ப்பப்பையே இல்லாமல் போகும். சினைப்பைகள் வேறு மூலத்திலிருந்து வருவதால் அவை நன்றாகவே இருக்கும். மார்பு வளரும், ஹார்மோன் சரியாகச் சுரக்கும், மாதவிலக்கு மட்டும் வராது. 15, 16 வயதாகியும் வயதுக்கு வரவில்லையென்றால் கோயில் கோயிலாகப் போவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

வெளியுறுப்பைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் அநேகமாக மௌனம் சாதிக்கின்றன. சிறுநீர்த் துளையும் யோனித் துளையும் தனித்தனி என்பதே வளர்ந்த ஆண்கள் பலருக்குத் தெரியாது. கிளிட்டோரிஸ் என்ற உறுப்பு வெளியே தெரியும் சிறு முனை மட்டுமல்ல. அதன் கால்களும் குமிழ்களும் யோனியின் இருபுறமும் உள்ளே பரவியிருக்கின்றன. ஜெர்மனியின் கோபெல்ட் 1844இலேயே இதை வரைந்து காட்டியிருந்தார். பிறகு வந்த பாடநூல்கள் அதைக் கைவிட்டன. 1998இல் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் மறுபடி அறுத்துப் பார்த்து எழுதும் வரை அந்த அலட்சியம் நீடித்தது. அந்தப் பகுதியில் அறுவை செய்பவர்கள் எந்த நரம்பைக் காக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது அவசியமாக இருந்தது.

கர்ப்பப்பையின் மேல்மூலைகளிலிருந்து இருபுறமும் போகும் கருக்குழாய்கள் 10 முதல் 12 செ.மீ. நீளம். 1561இல் இத்தாலியின் ஃபெலோப்பியோ இவற்றை விவரித்தார். மறுமுனை சினைப்பையோடு ஒட்டியிருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது வயிற்றறைக்குள் திறந்து கிடக்கிறது. முனையிலுள்ள விரல் போன்ற இழைகள் சினைப்பையின் மேல் படிந்து முட்டையை உள்ளே வாங்கிக்கொள்ளும். முட்டையும் விந்தணுவும் சேர்வது கர்ப்பப்பையில் அல்ல, இந்தக் குழாயின் அகன்ற பகுதியில். கரு நகர்ந்து கர்ப்பப்பைக்கு வர மூன்று நான்கு நாளாகும். வழியில் தழும்பு இருந்தால் குழாயிலேயே தங்கிவிடலாம். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று வலியும் மயக்கமும் வந்தால் குழாய்க் கர்ப்பம் வெடித்திருக்கலாம். உள்ளே கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் சிலருக்குத் தோள்பட்டையில் வலிக்கும். அது உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய நேரம். தழும்புக்குத் தொற்றுகள் காரணம். நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் கட்டி வெட்டுவது இந்தக் குழாயைத்தான். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் தொடுவதில்லை. அதனால் மாதவிலக்கு வழக்கம்போல் வரும். வெளிவரும் முட்டையை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும்.

இனி சினைப்பைகள். கர்ப்பப்பைக்கு இருபுறமும் ஒவ்வொன்று, சுமார் 3 செ.மீ. நீளம். ஒரு பெண் தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாளில் வெளிவருவது 400, 500 மட்டுமே.

மாதாமாதம் ஒரு குமிழ் 20 மி.மீ. அளவுக்கு வளர்ந்து வெடிப்பதுதான் இயல்பு. குமிழுக்குள் இருப்பது நீர். எனவே மாதவிலக்கு நிற்காத பெண்ணின் ஸ்கேனில் 2, 3 செ.மீ. நீர்க்கட்டி தெரிந்தால் பெரும்பாலும் அது அந்த மாதத்து வேலையின் மிச்சம். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் காணாமல் போயிருக்கும். பிசிஓஎஸ் என்ற சுரப்புக் கோளாறில் சொல்லும் "நீர்க்கட்டிகள்" அதுகூட அல்ல. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன சிறு குமிழ்கள் அவை. வெட்டி எடுக்க அங்கே ஒன்றுமில்லை. சுரப்புச் சமநிலைக்கும் உடல் எடைக்கும் சர்க்கரைக்கும்தான் வைத்தியம். உள்ளே திடப்பகுதி இருக்கும் கட்டி, மாதவிலக்கு நின்றபின் வரும் கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி ஆகியவற்றைத்தான் தீவிரமாக ஆராய வேண்டும்.

சினைப்பைக்கு ரத்தம் வரும் வழி கவனிக்க வேண்டியது. சிசுவில் சினைப்பைகள் சிறுநீரகத்துக்கு அருகே உருவாகிக் கீழே இறங்குகின்றன. அதனால் அவற்றின் ரத்தக்குழாய் நேராக வயிற்றின் பெருந்தமனியிலிருந்தே வருகிறது. கர்ப்பப்பைக்கோ இடுப்பிலிருந்து தனி ரத்தக்குழாய். அதனால் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைக்க முடிகிறது. விட்டுவைத்தால் அவை தொடர்ந்து சுரக்கும். சிலருக்கு மெனோபாஸ், அதாவது சினைப்பையின் சுரப்பு ஓய்ந்துபோகும் நிலை, ஓரிரு ஆண்டு முன்னதாக வரலாம். இரண்டு சினைப்பைகளையும் 45 வயதுக்கு முன் எடுத்துவிட்டால் அறுவை முடிந்த அந்த வாரமே மெனோபாஸ் தொடங்கிவிடும். உடம்பு தகிக்கும், தூக்கம் கெடும். எலும்புத் தேய்வும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடும். "கர்ப்பப்பையோட சேர்த்து அதையும் எடுத்துட்டா தொந்தரவே இல்ல" என்று போகிறபோக்கில் சொல்லும் விஷயம் இதுவல்ல. பரம்பரையாகச் சினைப்பைப் புற்றுநோய் உள்ள குடும்பங்களில் கணக்கு வேறு, அங்கே எடுப்பது உயிர் காக்கும்.

கர்ப்பப்பை நீக்கமே தவறு என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய், மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு, வயிற்றை நிறைத்த ஃபைப்ராய்டு, பிரசவத்தில் நிற்காத ரத்தம் என்று வரும்போது அது பெண்ணைப் பிழைக்க வைக்கிறது. ஆனால் அது சிறிய ஆபரேஷன் அல்ல. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய், கர்ப்பப்பை வாய்க்கு ஒன்றரை இரண்டு செ.மீ. தள்ளி, கர்ப்பப்பைத் தமனிக்கு அடியில் புகுந்து போகிறது. "பாலத்துக்கு அடியில் தண்ணீர்" என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். தமனியைக் கட்டும்போது குழாயையும் சேர்த்துக் கட்டிவிடாமல் இருக்க அந்தப் பாடம். கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் நார்களும் அதே இடத்தில்தான் வாயோடு இணைகின்றன. அந்த நார்களும் இடுப்புத்தளத் தசையும் தளர்வதுதான் அடி இறக்கம். தொடக்க நிலையில் தசைப் பயிற்சியும், உள்ளே வைக்கும் வளையமும் பலருக்குப் போதும். கர்ப்பப்பையை எடுத்தும் தாங்கும் நார்களைச் சரிசெய்யாமல் விட்டால் யோனியின் மேல்முனை இறங்கி வரலாம்.

தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் பரிசோதனை மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இருப்பது அவளுடைய கேள்விகள்தான். ரத்தம் எந்த அடுக்கிலிருந்து வருகிறது? திசுப் பரிசோதனை செய்தாயிற்றா? கட்டி எந்தப் பக்கம் இருக்கிறது? மருந்தோ சாதனமோ முயன்று பார்க்க முடியாதா? எடுத்தால் வாயையும் எடுப்பீர்களா, சினைப்பையை விடுவீர்களா?

கடைசிக் கேள்விக்கான பதிலை ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். வாயை விட்டுவைத்திருந்தால் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டும். சினைப்பை இருந்தால், மாதவிலக்கு என்ற அடையாளம் இல்லாமலே ஒருநாள் மெனோபாஸ் வரும். இல்லையென்றால் எலும்பைக் கவனிக்கத் தொடங்க வேண்டும். எடுத்த உறுப்பைப் பரிசோதனைக்கு அனுப்பி வாங்கும் முடிவில் என்ன எடுத்தார்கள், அதில் என்ன நோய் இருந்தது என்று எழுதியிருக்கும். டிஸ்சார்ஜ் தாளோடு அதையும் சேர்த்துக் கேட்கலாம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகள் சொல்கின்றன.